ஃபாக்ஸ்டெயில் பாம் அடி மட்டை மஞ்சளாகிட்டே போகுது, வெட்டி வெட்டி இப்போ 4 மட்டைதான் மிச்சம். காப்பாத்த முடியுமா?

முல்லைவேலி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வாசல்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபாக்ஸ்டெயில் பாம் வச்சிருக்கேன், வச்சு 3 வருஷம் ஆகப்போகுது, வாங்கும்போதே என் தோள் உயரம் இருந்துச்சு. முதல் வருஷம் ரெண்டுமே ஒண்ணு போல நல்லா வந்துச்சு. வலது பக்கத்து மரம் இப்பவும் பரவால்ல, இடது பக்கம் இருக்கறதுதான் மனசை வாட்டுது. அடி மட்டை ஓலை முதல்ல புள்ளி புள்ளியா மஞ்சளாகுது, அப்புறம் நுனியில இருந்து காய்ஞ்சு சுருண்டுடுது. காய்ஞ்ச மட்டைய வெட்டுனா புது மட்டைக்கு சத்து போகும்னு செடி வாங்கின இடத்துல சொன்னாங்க, அதனால மஞ்சள் தெரிஞ்ச உடனே நான் வெட்டிட்டே வந்தேன். ஆனா ஒண்ணை வெட்டுனா ரெண்டு மூணு வாரத்துல அதுக்கு மேல இருக்கற மட்டை மஞ்சளாக ஆரம்பிக்குது. நேத்து எண்ணிப் பாத்தேன், வலது மரத்துல 9 மட்டை, இடதுல வெறும் 4. புதுசா வர்ற மட்டையும் முன்ன மாதிரி நீளம் இல்ல, குட்டையா வருது, தண்டும் மேல போகப் போக மெலிஞ்ச மாதிரி தெரியுது. தெரிஞ்சவர் ஒருத்தர் வேர்ல கல்லு உப்பு போடச் சொல்றார், இன்னொருத்தர் உள்ள புழு இருக்கும்னு பயமுறுத்துறார். உப்பு போடலாமா? இல்ல தோண்டி எடுத்து வேற இடத்துல வைக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குருத்தோலை:
முதல்ல அருவாளையும் கத்தரியையும் உள்ள வைங்க. உப்பு வேண்டாம், தோண்டவும் வேண்டாம். ஒரு சில விஷயம் மட்டும் பாத்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம். இருக்கற 4 மட்டைல எது மஞ்சள், அடில இருக்கறதா இல்ல நடுவுல புதுசா விரியறதா? மஞ்சளான ஓலை ஒண்ணை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு அடிப்பக்கம் இருந்து பாருங்க, புள்ளி எப்படி இருக்கு? நடுக்குருத்தை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா மேல இழுத்துப் பாருங்க, உறுதியா நிக்குதா கையோட வருதா? ரெண்டு மரத்துக்கும் அடி மண்ணுல என்ன வித்தியாசம், என்ன உரம் போடுறீங்க? தண்டுல எங்கயாச்சும் காயம், ஓட்டை, கசிவு இருக்கா?

முல்லைவேலி:
இப்பதான் போய் பாத்துட்டு வந்தேன். அடி மட்டை ரெண்டுதான் மஞ்சள், மேல இருக்கற ரெண்டும் பச்சையா இருக்கு. ஓலைய வெயில்ல பிடிச்சா எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி வெளிச்சம் ஊடுருவுற புள்ளிங்க, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து, கடுகு கடுகா ஓலை முழுக்க இருக்கு, நுனில மட்டும் பழுப்பா காய்ஞ்சிருக்கு. குருத்து அசையல, கெட்டியா நிக்குது. மண்ணு... இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், இடது பக்கம் முழுக்க புல்தரை, மரத்தோட தண்டு வரைக்கும் புல்லுதான், புல்லு பச்சையா இருக்கணும்னு மாசாமாசம் யூரியா போடுறோம். வலது பக்கம் புல்லு இல்ல, வெறும் மண்ணு, அதுல காய்ஞ்ச இலைய போட்டு மூடி வச்சிருக்கேன், உரம்னு பெருசா எதுவும் போட்டதில்ல, எப்பவாச்சும் மக்கின தொழு உரம். தண்டுல ஓட்டை கசிவு எதுவும் இல்ல, ஆனா இடது மரத்துல ராத்திரி விளக்குக்காக 3 ஆணி அடிச்சிருக்கோம். புல்லு வெட்டுற மெஷின் பட்டு அடித்தண்டுல சின்ன கீறலும் இருக்கு.

குருத்தோலை:
நீங்க சொன்ன அந்த எண்ணெய் பேப்பர் புள்ளியே பதில் சொல்லிடுச்சு. இது பொட்டாசியம் பத்தாக்குறை. பாம் மரங்கள்ல ரொம்ப பரவலா வர்றது இதுதான், புழுவும் இல்ல நோயும் இல்ல, அதனால மனசை தேத்திக்கோங்க, இன்னும் நேரம் இருக்கு.

என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா தான் கத்தி எடுக்கற கை தானா நிக்கும். பொட்டாசியம் மரத்துக்குள்ள இடம் மாறக்கூடிய சத்து. மண்ணுல கிடைக்கலன்னா மரம் தன்னோட பழைய மட்டைல இருக்கறத உருவி புதுக்குருத்துக்கு அனுப்பும். அப்ப அந்த மஞ்சளான அடி மட்டை வீணா தொங்கல, அதுதான் மரத்தோட சேமிப்பு, குழந்தைக்கு ஊட்டிட்டு தான் பட்டினி கிடக்கற தாய் மாதிரி. அத நீங்க வெட்டிட்டீங்கன்னா மரம் அதுக்கு மேல இருக்கற நல்ல மட்டைல இருந்து உருவும், அது மஞ்சளாகும், நீங்க அதையும் வெட்டுவீங்க. அதனாலதான் 9ல இருந்து 4க்கு வந்திருக்கு. தண்டு மேல மெலியறதும் புது மட்டை குட்டையா வர்றதும் இதே பட்டினியோட அடையாளம், இத இப்படியே விட்டா நடுக்குருத்தே நின்னு போய் மரம் செத்துடும்.

யூரியா ஏன் கெடுத்துச்சுன்னா அதுல தழைச்சத்து மட்டும்தான் இருக்கு. தழைச்சத்து கிடைச்சதும் மரம் வளரணும்னு ஓடும், ஆனா வளர்ச்சிக்கு வேண்டிய பொட்டாசியம் கையில இல்ல, அப்ப பத்தாக்குறை இன்னும் மோசமாகும். புல்லுக்குத்தானே போட்டேன்னு நினைப்பீங்க, ஆனா பாம் வேர் தண்டுல இருந்து பல மீட்டர் தள்ளி வரைக்கும் மேல் மண்ணுலயே ஓடும், புல்லுக்கு போடுறது எல்லாம் அதுக்கும் போகும். வலது மரம் நல்லா இருக்கறதுக்கு காரணம் நீங்க அத சும்மா விட்டதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். தண்டை சுத்தி குறைஞ்சது 60 சென்டிமீட்டர் வட்டத்துக்கு புல்லை எடுத்துட்டு காய்ஞ்ச இலை இல்லன்னா மரப்பட்டை போட்டு மூடுங்க, மூடாக்கு தண்டை தொடாம கொஞ்சம் இடம் விடுங்க. அந்த பக்கம் யூரியாவை முழுசா நிறுத்துங்க. பாம் மரத்துக்குன்னே வர்ற மெதுவா கரையற உரம் கிடைச்சா வாங்குங்க, மூட்டைல 8-2-12ன்னு (தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாசியம் சதவீதம்) போட்டு கூட 4 சதவீதம் மக்னீசியம்னு இருக்கும், புளோரிடா பல்கலைக்கழகத்துல பல வருஷம் பாம் மரங்களை ஆராய்ச்சி பண்ணி சிபாரிசு பண்ண விகிதம் அது. சதுர மீட்டருக்கு 70 கிராம் கணக்குல மட்டை நிழல் விழற இடம் பூரா தூவி தண்ணி விடுங்க, 3 மாசத்துக்கு ஒரு தடவை. தண்டு ஓரமா குவிச்சு போடவே போடாதீங்க, வேர் கருகிடும். அந்த உரம் கிடைக்கலன்னா பொட்டாசியம் சல்பேட் ஒரு பங்கு, மக்னீசியம் சல்பேட் அரை பங்கு கலந்து, சட்டுன்னு கரையற உரம்ங்கறதால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போடுங்க. பொட்டாசியம் மட்டும் தனியா போட்டா மக்னீசியம் குறைஞ்சு போய் இன்னொரு மஞ்சள் வந்துடும், அதுல ஓலை ஓரம் பளிச்சுன்னு பட்டை அடிச்ச மாதிரி மஞ்சளா இருக்கும், நடு மட்டும் பச்சையா நிக்கும், பாத்தாலே தெரியும்.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, புள்ளி விழுந்த ஓலை திரும்ப பச்சை ஆகாது. எவ்வளவு உரம் போட்டாலும் ஆகாது. புதுசா வர்ற மட்டைதான் நல்லா வரும், பழசு எல்லாம் மாறி கொண்டை நிறைய 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் கூட ஆகலாம். அதுவரைக்கும் முழுசா பழுப்பாகி காய்ஞ்சது தவிர எதையும் தொடாதீங்க. ஃபாக்ஸ்டெயில், ராயல் பாம் மாதிரி வழுவழுன்னு பச்சைக் கழுத்து இருக்கற வகைங்க மட்டைய தானே கழட்டிப் போட்டுடும், நாம வெட்ட வேண்டிய தேவையே கிடையாது.

உப்பு கதை தென்னைல இருந்து வந்தது. தென்னை கடலோரத்து மரம், உப்பைத் தாங்கும், அதுக்கு குளோரைடு தேவையும் கூட. அத பாத்துட்டு எல்லா பாமுக்கும் போட்டா வேர் தண்ணி இழுக்க முடியாம மரம் வாடும்.

அந்த ஆணி விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. மாமரம் வேப்பமரத்துல பட்டைக்கு கீழ ஒரு படலம் இருக்கும், அதுதான் வருஷா வருஷம் தண்டை பருக்க வச்சு வெட்டுக்காயத்தையும் மூடும். பாம் மரம் புல்லு வகைக்கு சொந்தம், அதுக்கு அந்த படலமே கிடையாது. இன்னைக்கு விழற கீறல் மரம் சாகற வரைக்கும் அப்படியேதான் நிக்கும், ஆறாது. விளக்கு வேணும்னா அகலமான துணிப்பட்டைல தளர்வா கட்டுங்க. புல்லு மெஷின் பக்கத்துலயே வராத மாதிரி அந்த வட்டத்தை போட்டுடுங்க.

களிமண்:
குருத்தோலை சொன்னது அத்தனையும் சரி, முல்லைவேலி தோண்டி மாத்தலாமான்னு கேட்டதுக்கு மட்டும் என் அனுபவம் சொல்றேன். 6 வருஷம் முன்னாடி நல்லா வளர்ந்த ஒரு பாட்டில் பாமை வீட்டு வேலைக்காக இடம் மாத்தினோம். சாஞ்சுடக் கூடாதுன்னு வேலைக்கு வந்தவர் பழைய மண் மட்டத்தை விட ஒரு முழம் ஆழமா புதைச்சு சுத்தி நல்லா மிதிச்சு கெட்டிப்படுத்திட்டார், நானும் பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன், அது தப்புன்னு எனக்கும் அப்ப தெரியாது. ஒரு வருஷம் ஒண்ணும் தெரியல. அப்புறம் புதுக்குருத்து எல்லாம் வெளிறிப்போய் நரம்பு மட்டும் பச்சையா வர ஆரம்பிச்சுது. இரும்புச்சத்து குறைவுன்னு இரும்பு தெளிச்சேன், பிரயோஜனம் இல்ல. கடைசில அடில தோண்டிப் பாத்தா மண்ணுக்குள்ள போன தண்டு ஈரத்துல கறுத்து நசநசன்னு இருக்கு, வேர் காத்து இல்லாம அழுகி உருவுனா தோல் மட்டும் கையோட வருது. மண்ணுல இரும்பு இருந்துச்சு, அத எடுக்கறதுக்கு வேர் தான் உயிரோட இல்ல. அந்த மரத்தை காப்பாத்த முடியல.

அதனால புதுசா வைக்கறவங்க யாராச்சும் இத படிச்சா, தொட்டில மண் எந்த மட்டத்துல இருந்துச்சோ தரைலயும் அதே மட்டம்தான், ஒரு விரல்கட்டை கூட ஆழம் வேண்டாம். தண்டு அடில வேர் கிளம்பற இடம் கொஞ்சம் வெளிய தெரிஞ்சா பரவால்ல. சாயும்னு பயமா இருந்தா மூணு பக்கம் முட்டு குடுங்க, முட்டுக்கட்டையையும் தண்டுல ஆணி அடிச்சு நிறுத்தாதீங்க, சாக்குத்துணிய சுத்தி அது மேல கட்டுங்க.

இன்னொண்ணு, வச்சு ரெண்டு வருஷமாச்சு உயரமே ஆகலன்னு நிறைய பேர் கவலைப்பட்டு உரத்தை அள்ளிக் கொட்டுறாங்க. பாம் கன்னு முதல்ல அடித்தண்டை முழு பருமனுக்கு கொண்டு வந்துட்டு தான் மேல கிளம்பும், பின்னாடி பருக்க வழியில்லைங்கறதால அஸ்திவாரத்தை முன்கூட்டியே போட்டுக்குது. அந்த வருஷங்கள்ல அது சும்மா இல்ல, பொறுமையா இருங்க.

தூறல்:
முல்லைவேலி, உங்களுக்கு புழு இல்லைங்கறது சந்தோஷம், ஆனா அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஏன்னா தெரியாம நான் ஒரு மரத்தை விட்டேன். காண்டாமிருக வண்டு விரியாத குருத்தை துளைச்சு சாறு குடிக்கும். மடிச்ச பேப்பர்ல கத்தரி போட்டு பிரிச்சா எப்படி வரிசையா வெட்டு தெரியும், அதே மாதிரி குருத்து விரிஞ்சதும் ஓலைல முக்கோண முக்கோணமா வெட்டு இருக்கும். மட்டை இடுக்குல மென்னு துப்பின நார் கிடக்கும். ஓட்டை தெரிஞ்சா நுனி வளைச்ச கம்பிய விட்டு வண்டை குத்தி இழுத்துடலாம், அப்புறம் மணலும் வேப்பம்பிண்ணாக்குத் தூளும் கலந்து இடுக்குல போட்டு வைக்கணும். வண்டு குஞ்சு பொரிக்கறது பக்கத்துல இருக்கற எருக்குழில தான், அத கிளறிப் பாத்தா வெள்ளை வெள்ளையா சுருண்டு படுத்திருக்கும், அத பொறுக்காம மரத்தை மட்டும் பாத்துட்டு இருந்தா திரும்பத் திரும்ப வரும்.

சிவப்பு கூன்வண்டு தான் கொடுமையானது. அது வெட்டுக்காயத்தோட வாசனைக்கு தேடி வந்து முட்டை வைக்கும், புழு தண்டு உள்ளயே தின்னுட்டு இருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. தண்டுல காதை வச்சு கேட்டா கரக் கரக்னு சத்தம், பழுப்பா ஒரு கசிவு, புளிச்ச வாடை, இதெல்லாம் தெரியறதுக்குள்ள பாதி போயிருக்கும். பச்சை மட்டைய வெட்டக்கூடாதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். தென்னை, ஈச்ச வகை வச்சிருக்கவங்க ரொம்ப கவனமா இருக்கணும். வெட்டியே ஆகணும்னா ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவுல கத்திய கிருமிநாசினில கழுவுங்க, ஈச்ச வகைல ஃபுசேரியம்ங்கற பூஞ்சையால வர்ற வாடல் நோய் கத்தி மூலமாவே பரவும்.

குருத்தழுகல் எனக்கு நேர்ல பட்டது. மழைக்காலம் முடியற நேரம், நடுக்குருத்து மட்டும் லேசா வெளிறி இருந்துச்சு, சத்து குறைவா இருக்கும்னு பத்து நாள் விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் பிடிச்சு இழுத்தேன், எந்த எதிர்ப்பும் இல்லாம உறையில இருந்து கத்தி வர்ற மாதிரி சர்ருன்னு கையோட வந்துடுச்சு, அடிப்பக்கம் கூழா இருந்துச்சு, அந்த நாத்தம் ரெண்டு நாள் கையை விட்டு போகல. ஒரே தண்டு இருக்கற பாமுக்கு வளர்ற இடம் அந்த ஒண்ணே ஒண்ணுதான், உச்சில குருத்துக்கு அடில, அது அழுகிட்டா பக்கத்துல இருந்து கிளை வராது. கீழ இருந்த மட்டை எல்லாம் இன்னும் பல மாசம் பச்சையா நின்னுச்சு, அத பாத்து பாத்து ஒருவேளை பிழைச்சுக்குமோன்னு நான் தண்ணி ஊத்திட்டே இருந்தேன். ஆரம்பத்துலயே பாத்திருந்தா அழுகினத வழிச்சு எடுத்துட்டு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவி காப்பாத்தியிருக்கலாம். அதனால மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை குருத்தை தொட்டுப் பாருங்க, மேல இருந்து கொண்டைக்குள்ள தண்ணி பீச்சாதீங்க.

தொட்டிச்செடி:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், எங்க வீட்டு ஹால்ல தொட்டில அரிக்கா பாம் இருக்கு, ஓலை நுனி மட்டும் பழுப்பா காயுது. ஒரு தண்டு முழுசா காய்ஞ்சும் போச்சு, அத வெட்டலாமா? வாசல்ல சைக்கஸ் ஒண்ணும் இருக்கு, அதுக்கும் இதே பாம் உரம் போடலாமா?

குருத்தோலை:
@தொட்டிச்செடி அரிக்கா கூட்டமா வளர்ற வகை, ஒவ்வொரு தண்டுக்கும் தனி குருத்து, அதனால செத்த தண்டை அடியோட எடுக்கலாம், மத்தது பாதிக்காது. நுனி காயறது பெரும்பாலும் தொட்டி மண்ணுல உப்பு சேர்றதால தான், குழாய் தண்ணில இருக்கற ஃபுளூரைடும் அதுக்கு ஒத்துக்காது. மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க, மாசத்துக்கு ஒரு தடவை அடி ஓட்டை வழியா நல்லா வடியற வரைக்கும் ஊத்தி அலசி விடுங்க, தட்டுல தேங்கின தண்ணிய கொட்டிடுங்க. ஓலைக்கு அடிப்பக்கம் ஈரத்துணியால துடைங்க, காத்து வறண்டா சிலந்திப்பேன் வரும். ஹால்ல இருந்தத திடீர்னு வெயில்ல தூக்கி வச்சுடாதீங்க, ஒரே நாள்ல வெந்துடும்.

சைக்கஸ் பாக்கத்தான் பாம் மாதிரி, உண்மைல அது பாமே கிடையாது, பூக்காத ரொம்ப பழைய இனம், பைன் மரம் மாதிரி கூம்பு விடும். வீட்டுல நாய் இருந்தா அதோட விதை பக்கம் விடவே விடாதீங்க, கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்து ஆகும்.

களிமண்:
அதே மாதிரி கூந்தல் பனைய யாராச்சும் தோட்டத்துல வச்சிருந்தா சொல்லிடறேன், அது உச்சில இருந்து கீழ கீழன்னு பாளை விட்டுட்டே வந்து கடைசி பாளையோட அந்த தண்டு செத்துடும், அது நோய் இல்ல, அதோட ஆயுசே அவ்வளவுதான். பழத்தை வெறும் கையால தொடாதீங்க, தோல் பயங்கரமா அரிக்கும்.

முல்லைவேலி:
8 மாசம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் சொல்லணும்னு தோணுச்சு. அன்னைக்கே புல்லை வெட்டி எடுத்துட்டு வட்டம் போட்டேன், யூரியா அந்த பக்கம் நிறுத்திட்டோம், 8-2-12 கிடைச்சுது, இதுவரைக்கும் 3 தடவை போட்டாச்சு. முதல் மூணு மாசம் எந்த மாத்தமும் தெரியல, அடி மட்டை ரெண்டும் அசிங்கமா தொங்கிட்டே இருந்துச்சு, வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் ஏன் வெட்டாம விட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க, தொடவே இல்ல. அதுல ஒண்ணு போன மாசம் தானா கழண்டு விழுந்துச்சு, கழுத்துல ஒரு சின்ன கீறல் கூட இல்லாம சுத்தமா, பச்சையா இருந்துச்சு. இப்போ மொத்தம் 7 மட்டை. கடைசியா விரிஞ்ச மட்டைய வலது மரத்தோட மட்டை கூட அளந்து பாத்தேன், ஒரு சாண் தான் கம்மி. அத வெயில்ல பிடிச்சு பாத்தேன், ஒரு புள்ளி இல்ல. ஆணி அடிச்ச இடம் மட்டும் நீங்க சொன்ன மாதிரியே அப்படியே இருக்கு.

ஒரே ஒரு சந்தேகம், தண்டுல அந்த மெலிஞ்ச இடம் பின்னாடி சரியாகுமா?

குருத்தோலை:
படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். மெலிஞ்ச இடம் பருக்காது, அது அந்த வருஷத்தோட தழும்பா நிக்கும், அதுக்கு மேல வர்ற தண்டு பழையபடி பருமனா வரும். பெருங்காத்து அடிக்கற காலத்துல மட்டும் அந்த இடத்தை ஒரு பார்வை பாத்துக்கோங்க. உரத்தை நிறுத்திடாதீங்க, 9 மட்டை வந்த பிறகும் 3 மாசத்துக்கு ஒரு தடவை தொடரட்டும். வலது மரத்துக்கும் ஆரம்பிச்சுடுங்க.